தமிழ் ஆராதனைத் திரையும் வாலிபர்களும்: எந்த எழுத்தில், எந்த அளவில், யாருக்காக?

கேள்வி: லிங்கராஜபுரம் வாலிபர் செயலர்

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். பெங்களூரு லிங்கராஜபுரம் பகுதியிலுள்ள தமிழ்ச் சபை ஒன்றின் வாலிபர் ஐக்கியத்தில் செயலராக இருக்கிறேன். ஞாயிறு ஆராதனையின் திரை, விசேஷக் கூட்டங்களின் சுவரொட்டி, வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் வெளியிடும் படங்கள் ஆகிய மூன்றையும் சபைக் கமிட்டியார் இந்த ஆண்டு எங்கள் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். எங்களில் சிலருக்குக் கான்வா என்ற வடிவமைப்புச் செயலி நன்றாகக் கைவரும்; ஒருவர் வடிவமைப்பே படித்துக்கொண்டிருக்கிறார். ஆகவே ஆர்வத்துக்கும் திறமைக்கும் குறைவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

எங்கள் சபையில் மூன்று தலைமுறையினர் ஒரே ஆராதனையில் அமர்கிறார்கள். மூத்தவர்களுக்குப் பாமாலையும் கீர்த்தனையும் மனப்பாடம். அவர்களுக்குத் திரை தேவையில்லை, இருந்தால் எழுத்து பெரிதாக இருக்கவேண்டும் என்பது மட்டுமே அவர்களுடைய வேண்டுகோள். எங்கள் பெற்றோர்களில் பலர் இந்த ஊரிலேயே கன்னட வழியிலோ ஆங்கில வழியிலோ படித்தவர்கள் என்பதால் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்கள். எங்கள் வயதினர் வீட்டில் தமிழ் பேசுகிறோம், பிரசங்கம் முழுவதும் புரிகிறது, ஆனால் தமிழ் எழுத்தை வாசிக்கக் கூடியவர்கள் எங்களில் மிகச் சிலரே. இதனால் கீர்த்தனை தொடங்கியதும் வாலிபர்கள் அமரும் பகுதி அமைதியாகிவிடுகிறது. வரிகளை ஆங்கில எழுத்தில் போட்டால் அந்தப் பகுதி பாடுகிறது, ஆனால் "தமிழ்ச் சபையில் தமிழ் எழுத்து இல்லையா?" என்று ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே கேட்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தால் இரண்டுமே சிறுத்துப்போய்ப் பின்வரிசைக்கு எதுவும் தெரிவதில்லை. கட்டடம் நீளமானது, கிழக்கு ஜன்னல்கள் பெரியவை, காலை ஆராதனை நேரத்தில் வெயில் நேராக உள்ளே விழுகிறது.

இரண்டாவது, எங்கள் வாலிபர் முகாமுக்காக வடிவமைத்த படத்தை எல்லாரும் பாராட்டினார்கள், பலர் ஸ்டேட்டஸிலும் வைத்தார்கள், ஆனால் பெயர் கொடுத்தவர்கள் மிகக் குறைவு. படம் நன்றாக இருந்தும் ஏன் இப்படி ஆகிறது என்று விளங்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் கமிட்டியிலும் எடுத்துப் பேச உதவியாக இருக்கும்.

பதில்: காட்டன்பேட்டை அச்சக வடிவமைப்பாளர்

தம்பி, எந்த எழுத்தில் போடுவது என்ற கேள்வியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, முதலில் அறையைப் பாருங்கள். புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது; ஒளியை மட்டுமே வீச முடியும். திரையில் கறுப்பாகத் தெரிவது, ஒளி விழாத இடத்தில் அறையின் வெளிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான். கிழக்கு வெயில் உள்ளே விழும் கட்டடத்தில் இரவு நிறப் பின்னணி, மெழுகுவர்த்திப் படம், அதன்மேல் வெள்ளை எழுத்து என்று அமைத்தால், கணினியில் அழகாக இருப்பது திரையில் சாம்பல் நிறக் குழம்பாகத்தான் விழும். காலை ஆராதனைக்கு வெளிர் பின்னணியும் அடர் நிற எழுத்தும், மாலைக் கூட்டத்துக்கு அதற்கு நேர்மாறும் என இரண்டு மாதிரி அமைப்புகளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்குத் திரைச்சீலை போடக் கமிட்டி இசைந்தால் இன்னும் நல்லது. புதிய புரொஜெக்டரைவிட அது மலிவு.

அடுத்தது அளவு. பெயர்ப்பலகை எழுதுகிறவர்களிடம் வழங்கும் ஒரு கணக்கு உண்டு: 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயர எழுத்து இருந்தால் சிரமமின்றி வாசிக்கலாம். கடைசி வரிசை 60 அடி தூரத்தில் இருந்தால் 6 அங்குலம் வேண்டும். 8 அடி அகலமும் 4.5 அடி உயரமும் உள்ள திரையில் 6 அங்குல எழுத்தை வைத்து, தமிழின் மேல் விலங்குக்கும் கீழ்ச் சுழிக்கும் இடம் விட்டால் 5 வரிக்கு மேல் ஏறாது. சற்று விட்டுக்கொடுத்து 4 அங்குலத்துக்கு இறங்கினால் ஏறக்குறைய 7 வரி கிடைக்கும். அப்படியானால் தமிழில் 3 வரி, ஆங்கில எழுத்தில் 3 வரி என்பதுதான் இரண்டு எழுத்துகளையும் சேர்த்துப் போடும் ஒரு பலகத்தின் (ஸ்லைடின்) எல்லை. ஒரு சரணம் முழுவதையும் ஒரே பலகத்தில் அடைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டால் உங்கள் சண்டையில் பாதி தீர்ந்துவிடும். பலகங்களின் எண்ணிக்கை கூடும். கூடட்டும், அதற்குக் காகிதமா செலவாகிறது?

எழுத்தின் அளவு சபைக்குப் புதிய கவலை அன்று என்பதையும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்க் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வரவழைத்த தமிழ் அச்செழுத்துகள் அளவில் பெரியவை. காகிதம் கட்டுப்படியாகவில்லை என்று அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துத்தான் 1714, 1715 ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். அவர்களுக்கு எழுத்தைச் சிறிதாக்கவேண்டிய கட்டாயம் இருந்தது; நமக்கு இல்லை.

வரியை எங்கே ஒடிப்பது என்பதில் பெரும்பாலான சபைகள் கவனம் வைப்பதில்லை. மென்பொருள் ஒடிக்கும் இடத்தில் விட்டால், பாடும்போது மூச்சு விடாத இடத்தில் வரி முறிந்து, அடுத்த வரியின் தலையில் ஒற்றைச் சொல் தொங்கும். தாளத்தில் மூச்சு எங்கே விழுகிறதோ அங்கே நீங்களே கையால் ஒடியுங்கள். இதற்குப் பாடகர் குழுவிலிருந்து ஒருவர் பக்கத்தில் உட்காரவேண்டும். வடிவமைப்பாளர் தனியாகச் செய்கிற வேலை அன்று.

எழுத்துரு விஷயத்தில் அழகைப் பார்ப்பதற்கு முன் புள்ளியைப் பாருங்கள். மெலிந்த எழுத்துருவில் புள்ளி வெயிலில் மறைந்துவிடும். மிகத் தடித்த எழுத்துருவில் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். "எனக்காய்" என்ற சொல்லில் இரண்டு புள்ளிகளும் மறைந்தால் திரையில் "எனககாய" என்று நிற்கும். தமிழ் நன்றாகத் தெரிந்தவர் அதைக் கடந்துவிடுவார், எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர் அங்கேயே நின்றுவிடுவார். அடுத்த சோதனை கிரந்த எழுத்துகள். சபைத் தமிழில் ஜெபம், ஸ்தோத்திரம், அபிஷேகம் என்று அவை வராத வரி குறைவு. எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் "அ ஆ இ ஈ" எழுதிப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். நீங்கள் "கிறிஸ்து, இஸ்ரவேல், அபிஷேகம், மகிமை, ஸ்ரீ, க்ஷ" என்று எழுதிப் பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் ஆகிய நான்கும் இலவசமாகக் கிடைப்பவை, ஒரே எழுத்துருவில் பல தடிமன்கள் உள்ளவை. வாலிபர் கூட்டத் தலைப்புக்குப் பலூ தம்பி பொருந்தும். அதிலேயே பாட்டு முழுவதையும் போட்டால் கண் வலிக்கும்.

சபைக் கணினியில் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் இருக்கும் என்று நினைக்கிறேன், எங்கும் இருக்கின்றன. எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியைக் கொண்டு அனைத்தையும் ஒரே முறையாக, எல்லாக் கணினிகளிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றி, ஒருவர் பிழை பார்த்துவிடுங்கள். பழைய கீர்த்தனைப் புத்தகத்தின் பக்கத்தைப் படமெடுத்து அப்படியே திரையில் போடுவதையும் நிறுத்துங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய "லை", "னை", "றா" ஆகியவற்றின் வடிவங்கள் இன்று தமிழ்நாட்டில் படித்த பிள்ளைகளுக்கே விளங்காது. உங்கள் நண்பர் ஃபோட்டோஷாப்பில் வேலை செய்கிறவரானால், எழுத்து அமைப்புகளில் "வேர்ல்டு ரெடி லேஅவுட்" என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் "கொ"வின் கொம்பு இடம் மாறி நிற்கும். ஆங்கிலத் தலைப்புகளில் செய்வதுபோல் எழுத்துகளுக்கிடையே இடைவெளியை அகட்டும் பழக்கமும் தமிழுக்கு ஆகாது. சொல் உதிரி உதிரியாகத் தெரியும்.

பாட்டுத் திரைக்கு ஓப்பன்எல்பி என்ற இலவச மென்பொருள் போதும். பல்லவி, சரணங்களை ஒரு முறை ஏற்றிவிட்டால், பாடும் வரிசை மாறினாலும் அந்தந்தச் சரணத்துக்கு உடனே தாவலாம். பவர்பாயிண்டில் பல்லவிக்குத் திரும்பப் பத்துப் பலகம் பின்னோக்கி ஓடவேண்டிய அவலம் இராது.

பதில்: கம்மனஹள்ளி ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை

அச்சகத்து அண்ணன் எழுத்தின் அளவைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் சொன்னவற்றில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இரண்டு எழுத்துகளையும் சம அளவில் என்றென்றைக்கும் போட்டுக்கொண்டே இருக்கலாம் என்ற முடிவுக்கு வாலிபர்கள் வந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். கண் எப்போதும் எளிதானதைத்தான் தேடும். தமிழ் வரியும் ஆங்கில எழுத்து வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தால், தமிழ் தெரியாத பிள்ளை தமிழ் வரியை ஒருபோதும் பார்க்காது. வருடங்கள் போனாலும் அந்த வரி அதற்கு ஓர் அலங்காரமே.

ஓய்வுநாள் பள்ளியில் நாங்கள் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். அடிக்கடி பாடும் பாட்டுகளின் பல்லவியைத் தமிழ் எழுத்தில் மட்டும் போடுகிறோம். சரணங்களுக்கு மட்டும் ஆங்கில எழுத்தைத் துணையாக வைக்கிறோம். பல்லவி ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் திரும்பி வருவதாலும், ஏற்கெனவே வாயில் இருப்பதாலும், பிள்ளைகள் ஓசையை வைத்து எழுத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். தெரியாத எழுத்தைத் தெரிந்த பாட்டு கற்றுக்கொடுக்கிறது. விடுமுறை வேதாகமப் பள்ளி நாட்களில் மனப்பாட வசன அட்டையை எழுதும்போது உயிர்மெய்க் குறிகளுக்கு மட்டும் வேறு நிறம் கொடுக்கிறோம். காலும் கொம்பும் சுழியும் ஒரு நிறத்தில், மெய்யெழுத்தின் உடல் இன்னொரு நிறத்தில். கன்னடம் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு இந்த அமைப்பு உடனே விளங்கிவிடும், ஏனெனில் கன்னட எழுத்தும் அதே முறையில்தான் இயங்குகிறது.

கன்னடத்தைக் குறிப்பிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்துதான் ஒரே மாற்று என்று ஏன் எண்ணவேண்டும்? அரசுப் பள்ளியில் படித்த பல பெற்றோர்களுக்கு ஆங்கில எழுத்தில் தமிழை வாசிப்பது தமிழ் எழுத்தை வாசிப்பதைவிடக் கடினம். அவர்களுக்குப் பாட்டுத்தாளின் பின்பக்கத்தில் கன்னட எழுத்தில் வரிகளை அச்சிட்டுக் கொடுத்தால் போதும். "ழ" என்பதற்கு இன்றைய கன்னடத்தில் எழுத்தில்லை, அதை "ள" என்றே எழுதிவிட்டுப் பாடும்போது வாயால் திருத்திக்கொள்கிறார்கள். வாலிபர்கள் தங்களுக்கு வேண்டியதைக் கேட்கத் தெரிந்தவர்கள். இந்தப் பெற்றோர்கள் கேட்கமாட்டார்கள், உதட்டை அசைத்துக்கொண்டு நிற்பார்கள். தொடர்புப் பணி என்று பொறுப்பு எடுத்துக்கொள்கிறவர்கள் அவர்களையும் கணக்கில் வைக்கவேண்டும்.

ஆங்கில எழுத்தில் போடும்போது ஒரே முறையைப் பின்பற்றுங்கள் என்பது என் கடைசி வேண்டுகோள். ஒரே பலகத்தில் "தேவன்" என்பது மேலே "டி"யில் தொடங்கிக் கீழே "டிஹெச்"சில் தொடங்கினால், வாசிக்கிறவர் அவற்றை இரண்டு வெவ்வேறு சொற்களாகவே உச்சரிக்கிறார். ஓர் அரைப்பக்கத்தில் உங்கள் சபைக்கான விதியை எழுதி, திரையை இயக்கும் மேசையில் ஒட்டிவையுங்கள்.

கேட்டவர்: லிங்கராஜபுரம் வாலிபர் செயலர்

அண்ணனுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. பல்லவியைத் தமிழிலும் சரணத்தை இரண்டு எழுத்திலும் போடும் யோசனையைக் கமிட்டி ஏற்றுக்கொள்ளும் என்றே நம்புகிறேன். கேள்வி கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல முடியும். சுவரொட்டி, முகாம் படம் ஆகியவற்றைப் பற்றியும் யாராவது சொன்னால் நல்லது. எங்கள் விழாச் சுவரொட்டியில் பேராயர், ஆயர், செயலர், பொருளாளர், சிறப்புப் பேச்சாளர், பாடகர் என்று அனைவருடைய படமும் இடம்பெறுவது வழக்கம். யாருடைய படத்தையும் எடுக்க எங்களுக்குத் துணிவில்லை. மேலும், ஆராதனையை யூடியூபில் ஒளிபரப்பும்போது சில பாட்டுகளுக்குப் பதிப்புரிமைக் கோரிக்கை வருகிறது. சபையில் பாடுவதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது என்று ஒருவர் சொன்னார், அது உண்மையா?

பதில்: செம்பூர் தகவல் தொடர்புக் குழு, மும்பை

மும்பை செம்பூரில் ஒரு தமிழ்ச் சபையின் தகவல் தொடர்புப் பணியில் இருக்கிறேன். எங்கள் பிள்ளைகள் வாசிக்கத் தெரிந்தது தேவநாகரி. மராத்தியில் "ள" இருப்பதால் தமிழ் வரிகள் அதில் ஓரளவு நன்றாகவே அமைகின்றன. ஆகவே கம்மனஹள்ளி அக்கா சொன்ன கன்னட யோசனையை நான் முழுமையாக ஆதரிக்கிறேன்.

முகாமுக்கு ஏன் ஆள் சேரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். படத்தை ரசிப்பது வாலிபர், அனுமதி கொடுப்பது பெற்றோர். பெண்பிள்ளையை இரண்டு இரவு வெளியே அனுப்பவேண்டிய தாய் முதலில் பார்ப்பது தலைப்பின் எழுத்துருவை அன்று; உடன் வரும் பெரியவர்கள் யார், தங்குமிடம் எங்கே, பெண்களுக்குத் தனி ஏற்பாடு உண்டா, எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், கட்டணம் எவ்வளவு, கட்ட முடியாதவர்கள் யாரிடம் தனியாகச் சொல்வது என்பவற்றைத்தான். இவற்றில் எத்தனை உங்கள் படத்தில் இருந்தன என்று பாருங்கள். நாங்கள் இப்போது ஒரே முகாமுக்கு இரண்டு செய்திகள் தயாரிக்கிறோம். வாலிபர்களுக்கு ஒரு படம். அதில் தலைப்பு, தேதி, பதிவு முகவரி, வேறெதுவும் இல்லை. பெற்றோர்களுக்கு ஆயர் அம்மா தம் குரலில் தமிழில் பேசிய ஒலிப்பதிவும், அதே விவரங்கள் எழுத்தில் அடங்கிய செய்தியும். ஒலிப்பதிவு தமிழ் வாசிக்கத் தெரியாத பெற்றோரையும் சென்றடைகிறது. ஆயர் அம்மாவின் குரல் என்பதால் நம்பிக்கையும் கூடவே செல்கிறது.

சில்லறையாகத் தெரிந்தாலும் இவற்றைக் கவனியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில் கியூஆர் குறியீட்டை வைத்தால், அந்தக் கைபேசியையே கையில் வைத்திருப்பவர் அதை எதைக்கொண்டு ஸ்கேன் செய்வார்? குறியீடு அச்சிட்ட சுவரொட்டிக்கு. கைபேசிக்கு இணைப்பு முகவரி. தேதியும் இடமும் படத்துக்குள் மட்டும் இருந்தால், பிறகு தேடும்போது கிடைக்காது, பார்வைக் குறைபாடுள்ளவரின் கைபேசி அதை வாசித்துச் சொல்லாமலும் போகலாம். அவற்றைப் படத்தின்கீழ் எழுத்திலும் தட்டச்சு செய்யுங்கள். ஒரே படத்தை எல்லா இடத்துக்கும் இழுத்துப் பொருத்தாமல் ஸ்டேட்டஸுக்கு 1080க்கு 1920, இன்ஸ்டாகிராம் பதிவுக்கு 1080க்கு 1350 என்ற அளவுகளில் தனித்தனியாக அமையுங்கள். அச்சகத்துக்கு அனுப்பவேண்டிய கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்பவேண்டும்.

படங்களின் நெரிசலுக்கு நேரடியாக எதிர்ப்புத் தெரிவிக்காதீர்கள். எங்கள் சபையில் அழைப்பிதழ் ஒன்று, சுவரொட்டி ஒன்று என்று பிரித்துவிட்டோம். நான்கு பக்க அழைப்பிதழில் அனைவருடைய பெயரும் படமும் உரிய வரிசையில் இடம்பெறும். அது வீட்டுக்கு வீடு கையில் கொடுப்பது, மரியாதைக்குரியது, நிதானமாக வாசிப்பது. சுவரொட்டியில் விழாவின் பெயர், நாள், நேரம், இடம், பேச்சாளர் ஒருவரின் படம் மட்டுமே. பொறுப்பாளர்கள் யாரும் வருந்தவில்லை, ஏனெனில் அவர்களுக்கு உரிய இடம் இன்னொரு தாளில் முன்பைவிட நன்றாகவே கிடைத்தது.

நிறத்துக்காக ஒவ்வொரு முறையும் மூளையைக் கசக்கவேண்டாம். திருச்சபை நாட்காட்டியே நிறங்களைத் தந்திருக்கிறது: திருவருகைக் காலத்துக்கும் லெந்து என்னும் தவக்காலத்துக்கும் ஊதா, கிறிஸ்துமஸுக்கும் உயிர்ப்புப் பண்டிகைக்கும் வெள்ளை, பெந்தெகொஸ்தேக்குச் சிவப்பு, மற்ற ஞாயிறுகளுக்குப் பச்சை. பலிபீடத்து விரிப்பின் நிறமும் திரையின் நிறமும் ஒன்றாக இருந்தால், ஒருவரும் விளக்காமலே காலம் மாறியது சபைக்குத் தெரிந்துவிடும். முகாமின் கருப்பொருளையும் அடுத்த ஊர் சபையின் பதாகையிலிருந்து எடுக்காதீர்கள். எரேமியா 29:11 எல்லாச் சுவரிலும் இருக்கிறது. அதற்கு நான்கு வசனம் முன்னால், குடிபெயர்ந்து வாழும் பட்டணத்தின் நலனைத் தேடி அதற்காக ஜெபிக்கும்படி 7-ஆம் வசனம் சொல்வது, பெங்களூருவிலும் மும்பையிலும் பிறந்து வளர்ந்த தமிழ் வாலிபர்களுக்கு நேராக எழுதிய கடிதம்போல் இருக்கும்.

பதிப்புரிமை பற்றி: 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உண்மையான மதச் சடங்கு ஒன்றின்போது ஒரு பாடலை நிகழ்த்துவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. ஆகவே ஆராதனையில் பாடுவதற்குத் தடையில்லை. ஆனால் அந்தப் பாட்டின் ஒலிப்பதிவை முகாம் விளம்பரக் காணொளிக்குப் பின்னணியாகச் சேர்ப்பது ஆராதனை அன்று. யூடியூபின் தானியங்கி ஒப்பீட்டுக்கும் நம் சட்டத்தின் விலக்கு தெரியாது. இங்கே பழைய கீர்த்தனைகள் கைகொடுக்கும். நம் நாட்டில் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்தபின் 60 ஆண்டுகள் நீடிக்கிறது; 1864-இல் மறைந்த வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளுக்கும் 1900-இல் மறைந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் பாடல்களுக்கும் அது எப்போதோ முடிந்துவிட்டது. உங்கள் வாலிபர்கள் தாங்களே கித்தாரும் கீபோர்டும் வாசித்து அவற்றைப் பதிவு செய்தால், அந்த ஒலிப்பதிவு உங்களுடையது.

பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பொதுக் கணக்கில் போடுவதற்குமுன் பெற்றோரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலை வலியுறுத்துகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அதுவே முறை.

பதில்: அல்சூர் மூத்த உறுப்பினர்

பிள்ளைகளே, நீங்கள் பேசுவது அனைத்தையும் பொறுமையாக வாசித்தேன். எழுத்து எந்த வடிவில் இருக்கவேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. சிலுவையின்மேல் வைத்த பலகையே எபிரெயு, கிரேக்கு, லத்தீன் ஆகிய மூன்று மொழிகளில் எழுதியிருந்தது என்று யோவான் 19:20 சொல்கிறது; பட்டணத்தில் யார் யார் வாசிப்பார்களோ அவர்களுக்கு ஏற்ப எழுதினார்கள். என் குறை வேறு. திருவிருந்து நேரத்திலும் அறிக்கை ஜெபத்திலும் பிரசங்கத்திலும் திரை எரிந்துகொண்டே இருக்கிறது. ஒருவர் முழங்காலில் நிற்கும்போது அவருக்கு முன்னால் அடுத்த வாரக் கேரல் ரவுண்ட்ஸ் அறிவிப்பு மினுமினுக்கவேண்டிய அவசியம் என்ன? வடிவமைப்பு படித்தவர்கள் எங்கே எதைப் போடுவது என்று பேசுகிறீர்கள். எங்கே எதையும் போடாமல் இருப்பது என்றும் பேசுங்கள். பாமாலைப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிறவர்களை அதை மூடிவைக்கும்படி சொல்லாமலும் இருந்தால் நன்று.

பதில்: காட்டன்பேட்டை அச்சக வடிவமைப்பாளர்

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஓப்பன்எல்பியில் திரையை ஒரே சொடுக்கில் வெறுமையாக்கும் வசதி உண்டு. ஆராதனை முறைமைத் தாளில் எந்தெந்த இடத்தில் திரை அணையவேண்டும் என்று ஆயர் ஒரு குறி போட்டுக் கொடுத்தால் இயக்குகிறவருக்குக் குழப்பம் இராது. அறிவிப்புகள் ஆராதனை தொடங்குவதற்கு முன்னும் முடிந்த பின்னும் மட்டும் ஓடட்டும். ஞானஸ்நானம், திருமணம் ஆகியவற்றுக்கும் இதே ஒழுங்கைப் பின்பற்றலாம்.

செம்பூர்க்காரர் சுவரொட்டியைப் பற்றிச் சொன்னதோடு பெங்களூருக்கு மட்டுமான ஒன்றைச் சேர்க்கிறேன். 1981-ஆம் ஆண்டின் கர்நாடகப் பொது இட உருக்குலைப்புத் தடுப்புச் சட்டப்படி அனுமதியின்றிப் பொதுச் சுவரில் ஒட்டுவது குற்றம். 2018-இல் உயர் நீதிமன்றம் கண்டித்த பிறகு ஃப்ளெக்ஸ் பதாகைகளை மாநகராட்சி பெருமளவில் அகற்றியதும் நினைவிருக்கும். ஆகவே சபை வளாகத்துக்கு வெளியே ஒன்றும் வேண்டாம். வளாகத்தின் வாசலில் தெருவைப் பார்த்து வைக்கும் துணிப் பதாகையில் கன்னடம் முதலில், பெரிதாக இருக்கட்டும். தெருவில் நடப்பவர் கன்னடக்காரர், அவரும் பண்டிகைக்கு வரலாமே.

தம்பி, இவை எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்றப் புறப்படாதீர்கள். அடுத்த சபைக் கூட்டத்துக்குமுன் திரையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒத்திகையை ஞாயிறு காலை, வெயில் விழும் அதே நேரத்தில், ஆராதனைக்கு முன்பே வையுங்கள். சனிக்கிழமை மாலை பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வதில் பயனில்லை. கடைசி வரிசையில் கண்ணாடி அணிந்த மூத்தவர் ஒருவரையும், தமிழைக் கூட்டி வாசிக்கும் தாய் ஒருவரையும் உட்காரவைத்து, அவர்களை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். திரையை இயக்குகிறவர் பாடகர் குழுவின் முகம் தெரியும் இடத்தில் அமரவேண்டும். வரி பாடி முடிந்தபின் பலகத்தை மாற்றினால் சபை எப்போதும் ஒரு சொல் பின்தங்கியே பாடும், ஆகவே கடைசிச் சொல்லைப் பாடத் தொடங்கும்போதே அடுத்தது வந்துவிடவேண்டும். பாட்டுக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற ஆள் தேவைப்பட்டால் எழுதுங்கள். ஒரு தொகுதியை நான் பிழை திருத்தித் தருகிறேன்.